காவற்படை கண்ட பீல்

இங்கிலாந்தின் வடமேற்கிலே லங்காஷயர் என்னும் மாவட்டம் உளது. பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நிலம் அது. அம்மாவட்டத்தைச் சேர்ந்த பரி என்னும் ஊரில், 1788-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் இராபர்ட் பீல் பிறந்தார். தந்தையார் பெயரும் இராபர்ட் பீல் என்பதே. அவர் துணியில் அச்சிடும் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். ஆலைகளில் உழைத்த ஏழைச் சிறுவரின் வேலை நேரத்தை வரையறுத்து, 1802-இல் இயற்றப்பட்ட இங்கிலாந்தின் முதல் தொழிற்சாலைச் சட்டம் அவர் முயற்சியால் வந்ததாகும்.

தம் மூத்த மகன் நாட்டின் ஆட்சியிலே சிறந்த இடம் பெறல் வேண்டும் என்பது தந்தையாரின் வேட்கை. ஞாயிறுதோறும் கோயிலிற் கேட்ட சமயவுரையை, வீடு திரும்பியதும் தம் முன்னிலையில் மகனைத் திருப்பிச் சொல்லச் செய்வார் எனக் கூறுவர். பிறர் பேச்சை ஊன்றிக் கேட்டு, அதனை வரிசை பிறழாது மனத்திற் பதிக்கும் ஆற்றல் பீலுக்கு இளமையிலேயே இவ்வாறு வாய்த்தது. ஹாரோ பள்ளியில் அவருடன் பயின்றவருள் ஒருவர், பின்னாளில் பெருங்கவிஞராய்ப் புகழெய்திய பைரன். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழம்பேரிலக்கியம், கணிதம் ஆகிய இரண்டிலும் பீல் முதல் வகுப்பில் தேறினார். அங்ஙனம் இரண்டிலும் தேறியவர் அவருக்கு முன் எவரும் இலர். 1809-இல், தம் 21-ஆம் வயதில், அவர் பாராளுமன்றத்துள் நுழைந்தார். அயர்லாந்தின் காஷல் என்னும் மிகச் சிறிய தொகுதி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்துத் தேர்தல்கள் பலவும் பொருள் படைத்தார் விருப்பப்படியே நடந்தன. பீலும் தந்தையாரின் செல்வத் துணையால் அவ்வழியே புகுந்தார் என்பதை மறைத்தல் முறையன்று.

1812-இல் அவர் அயர்லாந்தின் தலைமைச் செயலராக அமர்த்தப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 24. அயர்லாந்து அந்நாளில் ஆங்கில ஆட்சியின்கீழ்க் குமுறிக்கொண்டிருந்தது. மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; நிலமோ பெரும்பாலும் புராட்டஸ்டண்டு நிலக்கிழார் கையில் இருந்தது. குத்தகையும் கோயில் வரியும் செலுத்த இயலாது நைந்த உழவர் இரவிலே கூடினர். வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டனர். சிற்சில வேளைகளிற் கொலையும் செய்தனர். ஊர்க்காவலரால் பயன் விளையவில்லை. கலகம் என்றால் பட்டாளத்தை அழைப்பதே வழக்கமாக இருந்தது. இந்நிலையில் 1814-இல் பீல் அமைதிகாப்புப் படை ஒன்றை அமைத்தார். கலகம் மூண்ட வட்டாரத்திற்கு ஆயுதந் தாங்கிய அப்படை அனுப்பப்படும். அதற்காகும் செலவு அவ்வட்டார மக்கள் மீதே சுமத்தப்படும். கலகம் ஓரளவு அடங்கியது, கசப்பு அடங்கவில்லை. அப்படையினரை மக்கள் பீலின் பெயரால் பீலர் என்று அழைத்தனர். அஃது அன்பினால் இட்ட பெயர் அன்று.

ஐரிஷ் மக்களின் தலைவரான டேனியல் ஓ'கானலுக்கும் பீலுக்கும் 1815-இல் பகை முற்றியது. இருவரும் துப்பாக்கியேந்தித் தனிப்போர் புரிவதென முடிவாயிற்று. அதற்கென ஐரோப்பியக் கண்டத்திற்குச் செல்லும் வழியில் ஓ'கானல் இலண்டனில் தடுத்து நிறுத்தப்பட்டதால் போர் நடைபெறவில்லை. பிற்காலத்தில் ஒரு பெருநகரின் அமைதியைக் காக்க வழிகண்டவர், இளமையில் அவ்வமைதியைக் குலைக்கப் புறப்பட்டதும் அதிகாரிகளால் தடுக்கப்பட்டதும் சற்றே நகைப்பூட்டுவதன்றோ!

1820-இல் பீல் ஜூலியா என்னும் நங்கையை மணந்தார். அந்நங்கையின் தந்தையார் ஜெனரல் ஜான் பிளாய்டு நம் நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றவர். 1790-இல் சத்தியமங்கலத்தருகே திப்பு சுல்தானின் படையோடு பொருத குதிரைப்படைத் தலைவர் அவரே.

இரண்டாண்டுகள் கழித்துப் பீல் இங்கிலாந்தின் உள்நாட்டு அமைச்சரானார். நாட்டின் அமைதியும் சிறைகளும் குற்றச் சட்டங்களும் அவர் பொறுப்பில் வந்தன. அந்நாளைய சட்டங்கள் இரத்தம் தோய்ந்தவை. மரணதண்டனைக்குரிய குற்றங்கள் 200-க்கு மேற்பட்டு இருந்தன. கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடியவனையும் தூக்கிலிடச் சட்டம் இடந்தந்த காலம் ஒன்று இருந்தது. தண்டனை கொடியதாயின் குற்றம் குறையும் என்று முன்னோர் எண்ணினர் போலும்! நடந்ததோ வேறு. சிறு திருட்டிற்காக ஓருயிரைப் போக்க ஜூரர் மனம் ஒப்பவில்லை. திருடப்பட்ட பொருளின் விலையை வேண்டுமென்றே குறைத்து மதித்துக் குற்றவாளியைத் தப்பச் செய்தனர். பொருளைப் பறிகொடுத்தவரிற் பலர் வழக்கே தொடுப்பதில்லை. சாமுவேல் ரோமிலி என்னும் சான்றோர் இச்சட்டங்களை மாற்ற நெடுங்காலம் போராடிச் சிறிதே பயன் கண்டு மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பீல் தொடங்கினார். 1823 முதலாகப் பல குற்றங்களுக்கு மரணதண்டனை நீக்கப்பட்டது; சிறைகளும் ஓரளவு சீர்பெற்றன; சிதறிக் கிடந்த சட்டங்கள் தொகுத்து ஒழுங்குசெய்யப்பட்டன.

தண்டனை குறைந்தது, குற்றத்தைத் தடுப்பவர் யார்? இவ்வினா பீலின் உள்ளத்தை அரித்தது. இலண்டனில் அப்பொழுது ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அத்துணைப் பெரிய நகருக்கு ஒரே காவல் அமைப்பு இல்லை. ஒவ்வொரு கோயில் வட்டமும் தனக்கெனப் பாராக்காரரை வைத்திருந்தது. கையிலே விளக்கும் கழியும் மரக் கிலுக்கும் கொண்டு, நாழிகையைக் கூவியறிவித்தபடி இரவில் சுற்றுவது அவர் வேலை. கூலியோ சொற்பம், ஆதலின் வேறு வேலைக்கு ஆகாத முதியவரே பெரும்பாலும் அதற்கு வந்தனர். ஒரு வட்டத்தில் திருடியவன் தெருவைக் கடந்து அடுத்த வட்டத்துள் புகுந்துவிட்டால் அவனைத் தொடர்வார் இலர். பௌ தெருவில் நீதிபதி ஹென்றி பீல்டிங் 1749-இல் அமைத்த துப்பறியும் சிறு குழு ஒன்றும், தேம்ஸ் ஆற்றில் கப்பற் சரக்குகளைக் காக்க 1798-இல் தோன்றிய காவற்படை ஒன்றும் இருந்தன. பயனுடையவையே எனினும், அவை பெருவெள்ளத்திற்கு இட்ட சிறு கரைகளே.

மக்கள் கூட்டங்கூடிக் கொதித்தெழும்போது நிலைமை இன்னும் கொடிதாகும். அப்பொழுது அரசிடம் இருந்த ஒரே கருவி பட்டாளம். 1780-இல் இலண்டனில் மூண்ட கலகத்தில் படையினர் சுட்டதனால் ஏறத்தாழ 300 பேர் மடிந்தனர். 1819-இல் மான்செஸ்டர் நகரத்துத் திடலில், வாக்குரிமை வேண்டி அமைதியாகக் கூடிய பெருங்கூட்டத்தினுள் குதிரைப்படை வாளுடன் பாய்ந்தது. உயிர்நீத்தோர் 15-க்குக் குறையார், காயமுற்றோர் நூற்றுக்கணக்கினர். வாளும் துப்பாக்கியும் ஏந்திய படைவீரனுக்குப் பகைவனைக் கொல்லத் தெரியும். தன் ஊரார் கூட்டத்தைக் கொல்லாமற் கலைக்கத் தெரியாது. ஒன்றும் செய்யாதிருத்தல், அன்றி உயிரைக் குடித்தல் என்னும் இரண்டிற்கும் நடுவே வேறு வழி இல்லாதிருந்தது.

அவ்வாறாயின் நகருக்கென ஒரு காவற்படையை முன்னரே அமைத்திருக்கலாகாதா? ஆங்கிலேயர் அதனை விரும்பவில்லை என்பதே விடை. அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. பிரான்சிலே நெப்போலியனின் காவல் அமைச்சரான பூஷே வீடுதோறும் ஒற்றரை வைத்து மக்களின் பேச்சையெல்லாம் அறிந்துவந்தார் என அவர்கள் கேள்வியுற்றிருந்தனர். இரண்டொரு வீட்டில் களவு போனாலும் போகட்டும், நம் வாயிலில் அரசாங்கத்தின் ஆள் வந்து நிற்றலாகாது என்பது அவர்தம் எண்ணம். 1822-இல் இப்பொருளை ஆராய அமைந்த பாராளுமன்றக் குழு, அத்தகைய காவற்படை மக்களின் உரிமைக்கு ஒவ்வாதது என்றே முடிவு கூறிற்று. பீல் பின்வாங்கினார், ஆனால் எண்ணத்தைக் கைவிட்டிலர். ஆறாண்டுகள் பொறுத்திருந்து, குற்றங்களின் கணக்கைத் திரட்டி, 1828-இல் மீண்டும் ஒரு குழுவின்முன் வைத்தார். இம்முறை குழு இசைந்தது. அடுத்த ஆண்டு மசோதாவைக் கொணர்ந்தபோது, செல்வமும் செல்வாக்கும் மிக்க வணிகர் வாழும் பழைய இலண்டன் நகர்ப்பகுதியை அதனின்றும் விலக்கிவிட்டார். அவர்களைப் பகைத்தால் சட்டம் நிறைவேறாது என்பதை அவர் நன்கறிவார். 1829 ஜூன் 19-இல் இலண்டன் பெருநகரக் காவற்படைச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் இயற்றுதல் எளிது. ஆளைத் தேர்தலே அரிது. பீல் இருவரைக் கமிஷனராக அமர்த்தினார். ஒருவர் வாட்டர்லூப் போரில் பங்குகொண்ட கர்னல் சார்லஸ் ரோவன். மற்றவர் ரிச்சர்டு மெயின் என்னும் இளம் வழக்கறிஞர். படை ஒழுங்கை ஒருவர் அறிவார். சட்டத்தின் எல்லையை மற்றவர் அறிவார். இருவரையும் இணைத்ததிலேயே பீலின் நோக்கம் புலனாகிறது. ஒயிட்ஹால் பிளேஸ் என்னும் தெருவில் 4-ஆம் எண் வீடு அவர்தம் அலுவலகமாயிற்று. அதன் பின்வாயில் ஸ்காட்லாந்து யார்டு என்னும் இடத்தை நோக்கி இருந்தமையால் அப்பெயரே நிலைத்துவிட்டது.

காவலர்க்கு உடை எதுவென்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். பீலும் கமிஷனர்களும் அதனைச் சிறிதாக எண்ணவில்லை. ஆங்கிலப் பட்டாளத்தின் உடை சிவப்பு. ஆதலின் காவலர்க்கு நீலம் தெரிந்தெடுக்கப்பட்டது. நீண்ட நீலச் சட்டையும், மற்றக் குடிமக்கள் அணிவது போன்ற உயர்ந்த தொப்பியும் அணிந்து அவர்கள் தெருவிற் சென்றனர். துப்பாக்கியும் வாளும் அன்றாட ரோந்திற்குத் தரப்படவில்லை. ஒரு குறுந்தடியும் ஒரு மரக் கிலுக்குமே தரப்பட்டன. குறுந்தடியும் சட்டைக்குள் மறைந்திருத்தல் வேண்டும். ஒவ்வொருவர் கழுத்துப்பட்டியிலும் எண்ணும் பிரிவின் எழுத்தும் பொறிக்கப்பட்டன. காவலன் தவறிழைத்தால், அவ்வெண்ணைக் கூறி எவரும் முறையிடலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவராய், 35 வயதுக்குட்பட்டவராய், நன்னடக்கை உடையவராய் இருப்போர் மட்டுமே தேர்ந்துகொள்ளப்பட்டனர். கான்ஸ்டபிளுக்கு வாரச் சம்பளம் 21 ஷில்லிங். பெருங்குடியிற் பிறந்தோரையும் சிபாரிசுக் கடிதத்துடன் வந்தோரையும் அதிகாரப் பதவிகளில் அமர்த்தப் பீல் மறுத்தார். தம் வேலையை இழிவென எண்ணுவோர் அதனைச் செவ்வனே செய்யார் என்பது அவர் கருத்து.

நகர் 17 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு காவலனுக்கும் குறித்த தெருக்கள் ஒதுக்கப்பட்டன. அத்தெருக்களில் அவன் இரவும் பகலும் முறைப்படி நடந்துவருவான். நாளடைவில் எந்த வீட்டுக் கதவு எப்பொழுது தாழிடப்படும், எக்கடைக்காரர் எப்பொழுது விளக்கணைப்பார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். அத்தெருவினர்க்கும் அவனைத் தெரிந்துவிடும். கமிஷனர்கள் வகுத்து வழங்கிய கட்டளைகள் முதன்மையான நோக்கத்தைத் தெளிவுறுத்தின. குற்றவாளியைப் பிடிப்பதினும் குற்றம் நிகழாமல் தடுப்பதே காவலனின் தலையாய கடமை. எத்தனை பேரைச் சிறைப்படுத்தினான் என்பதைக் கொண்டன்று, அவன் தெருவில் எத்துணைக் குற்றம் குறைந்தது என்பதைக் கொண்டே அவன் திறமை மதிக்கப்படும். ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி யாவரிடத்தும் பணிவோடு பேசுதல் வேண்டும். இழிசொற் கேட்டாலும் சினங்கொள்ளலாகாது. இக்கட்டளைகளின் சாரத்தை இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஆசிரியர் ஒன்பது நெறிகளாகத் தொகுத்தெழுதினார். அவற்றைப் பீலே எழுதினார் என இன்றும் பலர் நம்புகின்றனர். அங்ஙனம் அவர் எழுதிய ஏடு ஏதும் இல்லை.

1829 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை முதற் காவலர் தெருவில் இறங்கினர். தொடக்கம் மங்கலமாக அமைந்தது எனச் சொல்வதற்கில்லை. முதல் எண் பெற்ற கான்ஸ்டபிள் குடித்திருந்த குற்றத்திற்காக அன்றே வேலையிழந்தார். முதற் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டோரும் தாமே விலகியோரும் ஆயிரக்கணக்கினர். கமிஷனர்களோ தளரவில்லை; குடித்தவன் எவனாயினும் நீக்கினர்; வேறொருவனைச் சேர்த்தனர்.

மக்கள் அக்காவலரை வெறுத்தனர். சுவர்களில் வசைத்தாள்கள் ஒட்டப்பட்டன. வேகாத சிங்கி இறால் என்பது காவலர்க்கு இட்ட ஒரு கேலிப்பெயர். பச்சையாக இருக்கும்போது நீலமாகத் தோன்றும் அவ்விறால் கொதிநீரில் இட்டதும் சிவப்பாகிவிடும். இன்று நீலச் சட்டை அணிந்தவர் நாளை சிவப்புச் சட்டைப் பட்டாளமாவர் என்பது அக்கேலியின் உட்பொருள். 1830-இல் பீலின் கட்சி ஆட்சியை இழந்தது. காவற்படையும் அதனோடு ஒழியும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மூண்ட கலகத்தைக் காவலர் குறுந்தடி கொண்டே கலைத்துக் காட்டியிருந்தனர். புதிய அரசு, மாற்றாரால் அமைக்கப்பட்டது என்று பாராது அப்படையை நிலைக்கவிட்டது.

பெருஞ்சோதனை 1833 மே 13-இல் வந்தது. இலண்டனில் கோல்டுபாத் வயல் என்னுமிடத்தில், அரசு தடைசெய்திருந்த பொதுக்கூட்டம் ஒன்றைக் காவலர் கலைத்தனர். அந்த அமளியில் இராபர்ட் கல்லி என்னும் கான்ஸ்டபிள் குத்துண்டு இறந்தார். மரண விசாரணைக்கு அமர்ந்த ஜூரர், காவலரே வரம்புமீறித் தாக்கினராதலின் அக்கொலை நியாயமானது எனத் தீர்ப்பளித்தனர். உயர் நீதிமன்றம் பின்னர் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆயினும் ஊர்மக்கள் அந்த ஜூரரைக் கொண்டாடி விருந்தளித்தனர். கடமையாற்றுகையில் உயிரிழந்த ஒருவரைப் பற்றி இவ்வாறு மகிழ்ந்தது கொடுமையே. அக்கூட்டத்தில் காவலர் கை சற்று ஓங்கியிருந்தது என்பதும் உண்மையே. அவ்வாண்டிலேயே மற்றொரு செய்தி வெளிவந்தது. காவற்படையைச் சேர்ந்த ஒருவர் தம்மை ஓவியர் எனக் கூறிக்கொண்டு ஓர் அரசியற் சங்கத்திற் சேர்ந்து, உறுப்பினரைக் கலகத்திற்குத் தூண்டினார் என்பது அது. மக்கள் முதலிலிருந்தே அஞ்சிய ஒற்று வேலை இதுவன்றோ! பாராளுமன்றம் விசாரித்தது, அவர் நீக்கப்பட்டார். அதன் பிறகு சாதாரண உடையில் காவலரை அனுப்பக் கமிஷனர்கள் பெரிதும் தயங்கினர். துப்பறியும் பிரிவு ஒன்றை அமைக்க 1842 வரை காத்திருந்தனர். அப்பொழுதும் ஒருசிலரையே அதில் சேர்த்தனர்.

வெறுப்பு ஒருநாளில் மறையவில்லை. தெருவில் நாள்தோறும் ஒரே முகத்தைக் கண்ட மக்கள் மெல்ல மெல்ல அதற்குப் பழகினர். காணாமற்போன குழந்தையைத் தேடித் தருபவனும் அவனே; தீப்பற்றிய வீட்டின் கதவைத் தட்டி எழுப்புபவனும் அவனே. காலப்போக்கில் வசைப்பெயர்கள் வழக்கொழிந்தன. இராபர்ட் என்னும் பெயரை வீட்டார் செல்லமாகச் சுருக்கி அழைக்கும் பாபி என்பது காவலனின் பெயராயிற்று. 1856-இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களும் காவற்படை வைத்தல் வேண்டும் எனச் சட்டம் வந்தது.

நிற்க. பீலின் பெயரால் வளர்ந்த மற்றொரு கிளையையும் இங்கு மறத்தலாகாது. அயர்லாந்தில் அவர் தொடங்கிய ஆயுதப் படை முறை பின்வந்தோரால் விரிவாக்கப்பட்டது. பாசறைகளில் வாழ்ந்து, துப்பாக்கி ஏந்தி, மேலிருந்து வரும் கட்டளைக்கே கட்டுப்பட்ட படை அது. ஆங்கிலேயர் பிற நாடுகளை ஆண்டபோது இலண்டன் முறையைவிட இதனையே பெரிதும் பின்பற்றினர். 1843-இல் சிந்து நாட்டில் சார்லஸ் நேப்பியர் அமைத்த காவற்படை அதனைத் தழுவியது. நம் சென்னை மாகாணத்தில் 1859-இலும், இந்தியா முழுமைக்கும் 1861-இலும் இயற்றப்பட்ட காவற்படைச் சட்டங்களில் அம்முறையின் சாயல் ஆழப் பதிந்தது. இலண்டன் தெருக்காவலனுக்கும் அக்கால நம் ஊர்ச் சிவப்புத் தலைப்பாகைக்காரருக்கும் இடையே இருந்த வேறுபாட்டின் வேர் இங்கேதான் உளது. தம் நகரத்தாரிடம் இசைவு பெற வேண்டும் எனக் கருதிய ஆட்சியாளர், அடிமைப்பட்ட நாட்டாரிடம் அதனைக் கேட்க வேண்டும் எனக் கருதவில்லை.

பீலின் பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறலாம். அவர் 1834 இறுதி முதல் 1835 வரை சில திங்களும், 1841 முதல் 1846 வரையிலும் தலைமையமைச்சராக இருந்தார். 1843-இல் அவரைக் கொல்ல எண்ணிய மனநோயாளி ஒருவன் ஆளறியாது அவருடைய செயலர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றான். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அயல்நாட்டுத் தானியத்தின் மீது வரி விதித்து உணவு விலையை உயர்த்திய தானியச் சட்டங்களை நீக்குவதெனப் பீல் துணிந்தார். அச்சட்டங்களால் ஆதாயம் பெற்றவரோ அவருடைய கட்சியின் நிலக்கிழார்களே. கட்சி பிளந்தது. 1846 ஜூன் 25-ஆம் நாள் பிரபுக்கள் சபையில் தானியச் சட்ட நீக்கம் நிறைவேறியது. அதே இரவில், அயர்லாந்தின் கலகங்களை அடக்கக் கூடுதல் அதிகாரம் வேண்டி அவர் கொணர்ந்த மசோதாவைப் பொதுமக்கள் சபை தோற்கடித்தது. அயர்லாந்தின் அமைதியைக் காக்கும் பணியில் அமைச்சு வாழ்வின் தொடக்கத்தைக் கழித்தவர், அதே காரணத்தால் பதவியை இழந்தார். மீண்டும் அவர் பதவி ஏற்கவில்லை.

1850 ஜூன் 29-ஆம் நாள் இலண்டன் கான்ஸ்டிட்யூஷன் ஹில் என்னும் சாலையில் குதிரை மீது சென்றபோது அவர் தவறி விழுந்தார். குதிரையும் அவர்மேல் இடறியது. மூன்று நாள் வீட்டிலே நோவுற்றுக் கிடந்தார். வாயிலுக்கு வெளியே மக்கள் திரள் திரளாக நின்றனர். அவருள் ஆலைத் தொழிலாளரும் கூலிகளும் மிகுதி. ஜூலை 2-ஆம் நாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. பிரபுப் பட்டம் வேண்டாவென்றும், ஆரவாரமின்றித் தம் ஊராகிய டிரேட்டன் பாசெட்டுக் கோயிலிலே அடக்கம் செய்தல் வேண்டும் என்றும் அவர் முன்னரே கூறியிருந்தார். அவ்வாறே செய்தனர். அவருக்கு நினைவுக் குறி எழுப்ப ஏழைத் தொழிலாளர் ஆளுக்கு ஒரு பென்னியாகத் தம் கூலியிலிருந்து எடுத்துத் தந்தனர்.